பாட்டின் ஏழாவது நொடி

டிப்டன்
செப்டம்பர் 3, 1973

மிஸ்டர் பாலிஸ்டர்,

இதை எழுதுவது என் மனைவி மோரின். சொல்வது நான், லென் டிராண்டர். போன மாதம் ஒன்பதாம் தேதி மாலை நான்கு மணி வரை டின் பீகாக்ஸ் குழுவில் டிரம்ஸ் அடித்தவன். என் வலது கையில் இரண்டு விரல்களை லண்டன் ஆஸ்பத்திரியிலேயே எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவை மடங்குவதில்லை. கட்டு மாற்றும்போது பஞ்சோடு சேர்ந்து தோலும் வருகிறது. நேற்று நர்ஸ் அதைப் பிய்த்தபோது கட்டில் கம்பியை இடது கையால் பிடித்து வளைத்துவிட்டேன்.

நீங்கள் ஒரு முறைகூட வந்து பார்க்கவில்லை. அதற்காக எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நம் கிதார்க்காரன் கோலின் வந்தான். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான்: "லென், உன் அலறல் பாட்டுல இருக்குடா. வாத்தியாரு அத எடுக்கல. பாட்டு ஆரம்பிக்கறதே அதுலதான்." பாட்டைத் தயாரிக்கும் உங்களை அவன் இன்னும் வாத்தியார் என்றுதான் சொல்கிறான்.

அன்று நடந்தது உங்களுக்கு மறந்திருக்கலாம் என்பதால் சொல்கிறேன். 'மிதிச்சுத் தள்ளு' பாட்டுக்கு டிரம்ஸ் சத்தம் போதாது, கால் சத்தம் வேண்டும் என்றீர்கள். செங்கல் மேல் பலகைகளை அடுக்கி அதன்மேல் எங்களைக் குதிக்கவிட்டீர்கள். பாடகன் டெரெக்கின் ஆறு அங்குல வெள்ளி பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு வேண்டும் என்றீர்கள். இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் வேலை பார்த்தவன் என்பதால் தகட்டை அடித்துக் கொடுத்தவனும் நான்தான். டெரெக் நாற்காலி மேல் ஏறி நின்றான். அப்போது ஒலிபெருக்கியில் உங்கள் குரல் வந்தது: "லென், பலகைக்கு அடியில இருக்கற மைக்க கொஞ்சம் இடப்பக்கம் தள்ளு." சிவப்பு விளக்கு எரியவில்லை. விளக்கு எரியாவிட்டால் டேப் ஓடவில்லை என்று அர்த்தம்; இந்தத் தொழிலில் இருக்கும் எவனுக்கும் அது தெரியும். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, மண்டியிட்டு, கையை உள்ளே விட்டேன். டெரெக் குதித்தான்.

எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஐந்து வயதிலிருந்து அவனைத் தெரியும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த அலறலை எடுத்துவிடுங்கள். அது பாட்டு இல்லை. என்னுடையது. இன்னும் ஒரு வார்த்தை சொன்னேன், அதை எழுத மாட்டேன் என்கிறாள் மோரின்.

லென்


லண்டன்
செப்டம்பர் 10, 1973

அன்புள்ள லென்,

உன் மனைவியின் கையெழுத்து தெளிவாக இருக்கிறது. என்னைச் சுற்றி இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் பெயரையே ஒழுங்காக எழுத வராது. அந்தப் பாதியில் உங்கள் பாடகனும் ஒருவன்.

உன் கைக்காக வருந்துகிறேன். ஆஸ்பத்திரிக்கு வராததற்குக் காரணம், எனக்கு அந்த வாசனை ஆகாது என்பது மட்டுமே.

நீ கேட்பதை என்னால் செய்ய முடியாது. ஏன் என்று சொல்கிறேன், நீ புரிந்துகொள்வாய் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லாவிட்டாலும். எனக்கு நாற்பத்தெட்டு வயது. பன்னிரண்டு ஆண்டுகள் இசை படித்தேன். முப்பது வயதில், நால்வர் வாசிக்க நான் எழுதிய இசையை ஏழு பேர் உட்கார்ந்து கேட்டார்கள்; பாதியில் தேநீர் வந்ததும் எழுந்து போனார்கள். அந்த ஏழு பெயர்களும் எனக்கு மனப்பாடம். இருவர் இறந்துவிட்டார்கள். நான் மலர்வளையம் அனுப்பவில்லை. அதன் பிறகு பதினெட்டு ஆண்டுகளாக, முகத்தில் ஜிகினா பூசிய பையன்களுக்கு மூன்று நிமிடப் பாட்டுகளைத் தைத்துக் கொடுக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் என் ஒலிநாடாவில் விழுந்த ஒரே உண்மையான சத்தம் உன்னுடையது. ஆறு நொடி கிதார் மட்டும். ஏழாவது நொடியில் அந்த இடியும் அலறலும். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். இந்த முறை வெளியே போவதற்காக அல்ல.

விளக்கு எரியவில்லை என்கிறாய். உண்மை. டேப் ஓடுவது தெரிந்தால் நீங்கள் எல்லோரும் கல்யாணப் புகைப்படத்துக்கு நிற்பதுபோல விறைத்துப்போகிறீர்கள். அதனால் விளக்கை அணைத்துவிட்டுப் பதிவு செய்வது என் வழக்கம். உன் நல்ல டிரம்ஸ் எல்லாம் அப்படிப் பிடித்ததுதான்.

மற்றபடி, யார் மீதும் பழி சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் நாற்காலி மேல் நிற்பவனுக்குக் கீழே இருப்பது தெரியாதா? முந்தின நாள் அவன் பாடிய லட்சணத்தைப் பார்த்து, கழுத்து நெரிபட்ட வாத்து என்று எல்லோர் முன்னாலும் சொன்னவன் நீ. அவன் சிரித்தான். நான் அவன் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

பாட்டு இருபத்தெட்டாம் தேதி கடைக்கு வருகிறது. மிச்ச டிரம்ஸை வேறொருவர் வாசித்துவிட்டார்.

செட்ரிக் பாலிஸ்டர்


டிப்டன்
அக்டோபர் 7, 1973

மிஸ்டர் பாலிஸ்டர்,

வெள்ளிக்கிழமை பொரித்த மீன் வாங்கக் கடைக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர். மூலையில் இருந்த பாட்டுப் பெட்டியில் யாரோ காசு போட்டார்கள். ஆறு நொடி கிதார். அப்புறம் நான்.

வரிசையில் நின்ற பையன்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையை மிதித்தார்கள். அலறல் வந்த இடத்தில் ஒருவன் தன் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப்போல அலறிக் காட்டினான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. கல்லா மேல் இருந்த வினிகர் பாட்டிலை எடுத்துப் பெட்டியின் கண்ணாடியில் எறிந்தேன். பாட்டு நிற்கவில்லை. ஸ்டூலை எடுத்து அடித்தேன். மூன்றாவது அடியில் நின்றது. பையன் என் மேல் பாய்ந்தான். அவன் மூக்கை என் நெற்றியால் உடைத்தேன். கை இல்லாதவன் வேறு எதனால் அடிப்பான்? கடைக்காரர் என்னைப் பின்பக்கமாகத் தெருவில் தள்ளி, "ஏம்பா லென், உன் பாட்டுதானே அது, சந்தோஷப்பட வேணாமா?" என்றார்.

வோல்வர்ஹாம்ப்டனில் அந்தப் பாட்டுக்குக் குதித்து ஒரு மண்டபத்தின் தரையே உள்ளே போய்விட்டதாம். ஒரு பெண்ணின் கணுக்கால் எலும்பு வெளியே வந்துவிட்டது. ஃபவுண்டரி வாசலில் பையன்கள் பூட்ஸுக்குத் தகடு கேட்டு நிற்கிறார்கள்.

நேற்று டெரெக் வந்தான். காதோரம் இன்னும் ஜிகினா. அவன் அம்மா செய்த இறைச்சி உருண்டைகளை ஒரு கிண்ணத்தில் மூடி எடுத்து வந்திருந்தான். நான் அடுப்புக் கரியை அள்ளிக்கொண்டிருந்தேன்.

"லென், ஒரு நிமிஷம் கேளுடா. அன்னிக்கு அந்த எண்ணிக்கை..."

"எண்ணிக்கையா? எனக்கு எத்தன வெரல் மிச்சம்னு எண்ணிப் பாக்க வந்தியா?"

"டேய், அதில்லடா..."

கரி அள்ளும் கரண்டியால் தோளில் போட்டேன். கிண்ணம் உடைந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். தப்புச் செய்யாதவன் திருப்பி அடிப்பான். வாசல் வரை அடித்துக்கொண்டே போனேன். மோரின் நடுவில் விழுந்து தடுத்தாள். அவள் மணிக்கட்டிலும் ஒரு அடி பட்டது. அதனால்தான் இந்தக் கடிதத்தில் எழுத்து கோணலாக இருக்கிறது.

கடைசியாகக் கேட்கிறேன். அடுத்து அச்சடிக்கும் இசைத்தட்டிலாவது அதை எடுத்துவிடுங்கள்.

லென்


லண்டன்
அக்டோபர் 12, 1973

அன்புள்ள லென்,

பாட்டு விற்பனைப் பட்டியலில் ஆறாவது இடத்துக்கு வந்துவிட்டது. என்னை வேலையை விட்டு அனுப்பிய கம்பெனியின் பாட்டு பதினான்கில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அந்தத் தாளை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். அற்பத்தனம்தான். அற்பத்தனம் என்னைப் பதினெட்டு ஆண்டுகள் உயிரோடு வைத்திருக்கிறது.

உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். படித்துவிட்டுக் கோபப்படு, படிக்காமல் கோபப்படாதே.

தொலைக்காட்சியில் பாட வேண்டுமானால் பாட்டைப் புதிதாக வாசித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது இசைக்கலைஞர் சங்கத்தின் விதி. மூன்று மணி நேரம், சங்கத்து ஆள் ஒருவர் முன்னிலையில். அதை எப்படிக் கையாள்வோம் என்று உனக்குத் தெரியும்: அவரை எதிரே இருக்கும் மதுக்கடைக்கு அழைத்துப் போவோம், திரும்பி வரும்போது பழைய டேப் புது டப்பாவில் இருக்கும், அவர் கையெழுத்துப் போடுவார். இந்த முறை வருபவர் ஹெரால்ட் பிம்லாட். முன்பு டிராம்போன் ஊதியவர், தீவிர தேவாலயக்காரர், சொட்டு மது தொடாதவர். முட்டை சாண்ட்விச்சை டப்பாவில் கட்டிக்கொண்டு வந்து இருக்கையை விட்டு அசையாமல் உட்காருவார். ஆக, உண்மையிலேயே வாசிக்க வேண்டும். மற்றதை எல்லாம் வாசித்துவிடலாம். அலறலை?

டெரெக்கைக் கத்தவிட்டுப் பார்த்தேன். நாற்பது தடவை. பேருந்தைத் தவறவிட்டவன்போல இருக்கிறது. ஒரு நாடக நடிகரை வரவழைத்தேன். அவர் இறந்துபோகும் அரசன்போலக் கத்தினார். உனக்கு மட்டும்தான் அது வரும். வியாழக்கிழமை, பதினெட்டாம் தேதி, காலை பத்து மணி. ஒரே ஒரு அலறல்.

இன்னொன்று. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். இசைப் பத்திரிகை நிருபர் ஒருவர் டெரெக்கிடம் உன்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். உங்கள் ஊர்க்காரன் என்ன சொன்னான் தெரியுமா? "டிரம்மருக்கு எட்டு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சாப் போதும். அவன்கிட்ட இன்னும் எட்டு இருக்கே." அறையே சிரித்ததாம். நான் சிரிக்கவில்லை. ஒரு நிருபர் முன்னால் என்னை 'டீ போடற கிழவன்' என்று சொன்னவனும் அவன்தான். அப்போதும் நான் சிரிக்கவில்லை.

அவனும் வியாழக்கிழமை அங்கே இருப்பான்.

செட்ரிக் பாலிஸ்டர்


டிப்டன்
அக்டோபர் 15, 1973

மிஸ்டர் பாலிஸ்டர்,

வருகிறேன். ரயில் சீட்டு அனுப்ப வேண்டாம்.

மோரின் இதை எழுத மறுத்தாள். நானும் கூட வருவேன், இல்லையென்றால் இடது கையால் எழுதிக்கொள் என்றாள். அதனால் அவளும் வருகிறாள். அவளுக்கு முன்னால் எதுவும் நடக்காது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவளை வெளியே தேநீர்க் கடையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வருவேன். இந்த வரியை எழுதும்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

லென்


லண்டன்
அக்டோபர் 31, 1973

அன்புள்ள லென்,

நேற்று முதல் இடம். என்னால் அந்த எண்ணை இன்னும் சத்தமாகச் சொல்ல முடியவில்லை.

பதினெட்டாம் தேதிக்குப் பிறகு நீ எழுதுவாய் என்று எதிர்பார்த்தேன். எழுதவில்லை. உன்னைப் போலீஸ் தேடுகிறது என்று நினைத்து ஒளிந்திருந்தால், வேண்டாம். டெரெக் நாற்காலியிலிருந்து தவறி விழுந்தான் என்று ஆஸ்பத்திரியில் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அன்று பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். உன்னை மைக் முன்னால் நிறுத்தினேன். நீ வாயைத் திறந்தாய், ஒன்றும் வரவில்லை. ஏழு தடவை. அப்போதுதான் டெரெக் உள்ளே வந்தான். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தெருவில் கட்டிப்பிடிக்க வருபவனைப்போல, "லென், இங்க பாருடா, இப்பவாச்சும் நான் சொல்றத..." என்றான். நீ அவனை முழு வாக்கியம் பேசவிட்டதே இல்லை. சிம்பல் மாட்டும் இரும்பு ஸ்டாண்டை இடது கையால் தூக்கிச் சுழற்றினாய். அது அவன் தாடையில் பட்ட சத்தத்தை நான் எப்படிச் சொல்வேன்? பச்சைக் கட்டையை முறிப்பதுபோல. இரண்டு பற்கள் கண்ணாடியில் வந்து மோதின. பிறகு அவன் அலறினான். லென், அது உன்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது.

டேப் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லவும் வேண்டுமா?

பிம்லாட் என் பக்கத்தில், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் மட்டும்தான் கேட்டார். "அசல் தட்டுல இருக்கற மாதிரியே இருக்கே சார். இவ்வளவு நேர்மையா யாரும் வாசிச்சு நான் பாத்ததில்ல" என்றார். கையெழுத்துப் போட்டார். முட்டைத் துணுக்கு ஒன்று காகிதத்தில் ஒட்டியிருக்கிறது. அதைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன்.

தாடையைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். போன வியாழன் அப்படியே தொலைக்காட்சியில் நின்றான். வீக்கத்தின் மேல் வெள்ளிப் பூச்சு. டேப் பாடியது, அவன் பல்லைக் கடித்தபடி உதட்டை மட்டும் அசைத்தான். ஆறுதலடை: அவனுக்கு வலித்தது. பெண் பிள்ளைகள் அந்த விறைப்பைப் பார்த்து மயங்கி விழுந்தார்கள். இப்போது ஊரெல்லாம் பையன்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பாடுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. அவன் உன்மேல் வழக்குப் போட வக்கீலைத் தேடுகிறான். உன்னைப் பார்க்க வந்தால் கதவைத் திறக்காதே. வந்து எதையாவது எழுதிக் காட்டினாலும் படிக்காதே. எதுவானாலும் என் மூலமாகவே நடக்கட்டும்.

உன் அலறல் தட்டில் இருக்கும். அவனுடையது தொலைக்காட்சியில். நீதி என்று ஒன்று இருந்தால் இதைவிடச் சமமாகப் பங்கு போட்டிருக்குமா?

செட்ரிக் பாலிஸ்டர்


லண்டன்
நவம்பர் 4, 1973
ஞாயிறு காலை

பாலிஸ்டர்,

கையெழுத்து வேறாக இருக்கிறது, பார்த்திருப்பாய். மோரின் இல்லை. அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். நாங்கள் எங்கே போகிறோம் என்று அவளுக்குச் சொல்லவில்லை. சொல்வது நான். எழுதுவது டெரெக். எனக்கு எழுதக் கை இல்லை, அவனுக்குப் பேச வாய் இல்லை. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு ஆள் தேறுகிறது.

(வாத்தியாரே, நான்தான். என் பெயரை ஒழுங்காக எழுத வராது என்றாயாமே. பதினேழு நாளாக ஸ்ட்ராவில் சூப் குடிக்கிறேன். எழுதிப் பழக நிறைய நேரம் கிடைத்தது. டெ.)

நேற்றுக் காலை தபால்காரர் உன் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் இவன் வந்தான். நீ சொன்னபடி நான் கதவைத் திறக்கவில்லை. ஒரு தாளை எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினான். நீ சொன்னபடி அதை அடுப்பில் போட்டேன். இன்னொன்று தள்ளினான். அதையும் போட்டேன். பன்னிரண்டு தாள் தள்ளினான். எல்லாவற்றிலும் ஒரே வரிதான். பன்னிரண்டாவதைப் படித்தேன்.

'ஹெட்போன்ல மூணு நாலுன்னு எண்ணினான். அதனாலதான் குதிச்சேன். உனக்கும் கேட்டிருக்கும்னு நெனச்சேன்.'

நான் ஹெட்போனைக் கழற்றியிருந்தேன். கழற்றாமல் குனிய முடியாது, வயர் எட்டாது. அது உனக்குத் தெரியும், அந்த வயரை நறுக்கியதே நீ. நாற்காலி மேல் நின்றவன், நீ சொல்லிக் கொடுத்தபடி, கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கைக்காகக் காத்திருந்தான்.

நான் நம்பவில்லை. கதவைத் திறந்து இவன் சட்டையைப் பிடித்தேன். இவன் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து, மோரின் வாங்கிவைத்த எங்கள் இசைத்தட்டைப் பெட்டியில் வைத்தான். சத்தத்தை முழுவதும் திருகி என் தலையைப் பிடித்து ஒலிபெருக்கியோடு அழுத்தினான். ஆறு நொடி கிதார். கிதாருக்கு அடியில், இவன் ஹெட்போனிலிருந்து கசிந்து இவன் மைக்கில் விழுந்தது, கொசு முனகுவதுபோல. ஆனால் அந்தப் படித்த உச்சரிப்பு யாருக்கு வரும்? மூணு. நாலு. அப்புறம் நான்.

அலறலை எடுக்கச் சொல்லி இரண்டு தடவை கெஞ்சினேனே. எடுத்திருந்தால் அதுவும் சேர்ந்து போயிருக்கும். உன்னால் எடுக்க முடியவில்லை. நான்கு லட்சம் வீடுகளில் இப்போது நீ எண்ணிக்கொண்டிருக்கிறாய்.

(எட்டு விரல் ஜோக்கை நான் சொல்லவில்லை. அது பத்திரிகையில் வந்த அன்றே அவர்கள் ஆபீசுக்கு ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டேன். 'தயாரிப்பாளர் போனில் சொன்னது' என்றார்கள். டீ போடும் கிழவன் என்று சொன்னது நான்தான். டெ.)

இவன் தாடையை உடைத்தேன். இவன் என்னிடம் பேசத்தான் இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும் அடித்தேன். அடிக்க அடிக்க நீ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். நேற்று மத்தியானம் இவன் முன்னால் மண்டியிட்டேன். நீயும் ஒன்று போடுடா என்றேன். இவன் தாளில் எழுதினான்: 'உன்ன அடிச்சா வாத்தியாருக்கு எதுவும் மிஞ்சாது.'

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. மைக்கைத் தள்ளு என்று என்னிடம் சொன்ன நீ, எண்ணும்போது டேப் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாயா, அல்லது கண்ணாடி வழியாக என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாயா? ரயிலில் மூன்று மணி நேரம் இதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம். மறந்துபோய் எண்ணினாய் என்கிறான் இவன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறந்துபோனாய் என்றால் உனக்கு இருக்கும் விரல்களோடு விட்டுவிடலாம் என்று இவன் எழுதுகிறான். இன்னொன்றானால் என்ன என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கடிதத்தில் தபால் தலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை தபால் வராது என்பதும் உனக்குத் தெரியும். உன் வீட்டுப் படியில் உட்கார்ந்து எழுதுகிறோம். உள்ளே பியானோ கேட்கிறது. நன்றாகத்தான் வாசிக்கிறாய்.

முடித்ததும் இதைக் கதவுக்கு அடியில் தள்ளுவோம். நீ படித்து முடிக்கும்வரை காத்திருப்போம். பதில் எழுத வேண்டாம். வந்து திற.

லென்
டெரெக்